நவமிக்காக நிறுத்திய லாரி

தம்பி,

அடுத்த வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் நம் லாரி டிரைவர் முருகேசனிடம் கொடுத்துத் திருநாவலூருக்கு அனுப்புகிறேன். மாமியார் வீட்டில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து பிரிக்காதே. குழந்தையை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தனியாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து படி. நேரில் சொல்லலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் "சாப்டியாடா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சொல்லியிருந்தாலும் நீ உடனே "பரவால்ல வுடும்மா" என்று சொல்லியிருப்பாய். அந்த வார்த்தையை நான் கேட்கக் கூடாது. அதற்கு நான் தகுதியில்லாதவள்.

போன ஐப்பசியில் வெளிநாட்டிலிருந்து இரண்டு பாக்கெட் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? நாம் அனுப்பிய சாமை அரிசியை அந்த ஊர்க் கடைகளில் விற்கிற பாக்கெட். முன்பக்கம், மலைமேல் நமக்குச் சாமை விளைத்துக் கொடுக்கிற கரியாலூர் சின்னப்பொண்ணு கதிர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். பின்பக்கம் அவர்கள் பாஷையில் இரண்டு வரி. நீதான் எனக்குப் படித்துச் சொன்னாய்: "இந்தச் சாமை கப்பலில் மட்டுமே வந்தது. ஒரு மணிகூட விமானத்தில் பறக்கவில்லை." சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துக் கல்லாப்பெட்டிக்கு மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாய். அன்றிலிருந்து நான் கல்லாவில் உட்காரும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வதை நீ கவனிக்கவில்லை. ஃபேன் காற்று படவில்லை என்று சொன்னேன், நம்பினாய். அந்த இரண்டு வரியும் பொய், தம்பி. அதைப் பொய்யாக்கினவள் நான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் எவ்வளவு கீழே இறங்கினேன் என்பது உனக்குப் புரியாது. படிப்பை முடித்துவிட்டு வந்து நீ முதன்முதலாகச் சொன்னது உமியைப் பற்றி. சாமையை மலையிலேயே குத்தி அரிசியாக்கிவிட்டால் உமி மாட்டுக்கு ஆகும், உமியோடு மூட்டை கட்டி அனுப்பினால் லாரியும் கப்பலும் எண்ணெயை எரித்து உமியைத்தான் சுமந்துகொண்டு போகின்றன என்றாய். கோடவுனில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எதிரிலேயே நான் என்ன சொன்னேன்? "அஞ்சு வருசம் படிக்க வச்சேன், உமியக் கண்டுபுடிச்சிக்கினு வந்துட்டான்டி எம்புள்ள" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய், ஆனால் காது சிவந்துபோயிருந்தது. அடுத்த வருஷம் கரியாலூரில் குத்துகிற மிஷின் வந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அது என் யோசனை என்று சொன்னதும் நான்தான். நீ ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. அதற்கே நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

பிறகுதான் நீ, ஒரே கப்பல் கண்டெய்னரை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்கிற அந்தக் கூட்டுப் பெட்டி ஏற்பாட்டைச் செய்தாய். கச்சிராயபாளையத்து ஜவ்வரிசி மில்காரர், கடுக்காய் ஏற்றுமதி செய்கிற அண்ணன், புளிக்காரர், நாம். நான்கு பேரும் தனித்தனியாகக் கால் பெட்டி, அரைப் பெட்டி என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். நேரமாகிவிட்டால் விமானத்தில் போடுவோம். வாங்குகிறவர் அவசரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாதிரி மூட்டையைக்கூட விமானத்தில் அனுப்பி நல்ல பெயர் வாங்கப் பார்ப்பேன். நீ நான்கு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, ஒரே பெட்டி, ஒரே தேதி, மெதுவாகப் போகிற கப்பலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மாதம் முன்னாலேயே தயாராகிவிடலாம் என்று பேசி முடித்தாய். ஜவ்வரிசிக்காரர் நம்பாமல் உட்கார்ந்திருந்தார். நீ எழுந்து போய் ஒரு ஸ்பூனையும் ஒரு சொம்பையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "ஒரே மூட்டதான். கப்பல்ல போனா இவ்ளோ எண்ண, ஃபிளைட்டுல போனா இவ்ளோ எண்ண. கணக்கு முன்னபின்ன இருக்கும், ஆனா இதுதான் வித்தியாசம்" என்றாய். அவர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உன்னைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது. பெருமை இருந்தது, புத்தி வரவில்லை.

போன வருஷம் தை மாதம் முதல் கூட்டுப் பெட்டி. ஒரு மாதம் முன்பே நீ தேதி சொல்லிவிட்டாய். மருமகளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று நீ திருநாவலூருக்குப் போனாய். போகும்போது, "எல்லாம் ரெடியா இருக்கும்மா. நீ லாரிய மட்டும் அனுப்பினாப் போதும்" என்றாய். லாரியை மட்டும் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. உன் தேதியை நான் காலண்டரில் பார்த்தது நீ சொன்ன அன்றைக்கே. லோடு ஏற்ற நீ குறித்த நாள் அஷ்டமி. மறுநாள் நவமி. அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ தேதியை முன்னால் தள்ளியிருப்பாய், ஒரு மாதம் இருந்ததே. நான் ஏன் சொல்லவில்லை என்றால், நீ சிரிப்பாய் என்று. உன்னைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்க வைத்தவளுக்கு, தன்னைப் பார்த்து மகன் சிரிப்பது பிடிக்கவில்லை. நாம் கிளம்பும்போது கிளம்பலாம், இரண்டு நாள்தானே, பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் டவுன் பஸ் மூட்டையோடு ஓடிவருகிற ஆளைப் பார்த்து நிற்கிறதில்லையா, அந்த மாதிரி கப்பலும் நிற்கும் என்று எண்ணிவிட்டேன். இப்போது எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது.

அஷ்டமியன்று விடியற்காலையில் முருகேசன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் கோடவுன் சாவியைக் கொடுக்கவில்லை. தசமியன்று ஏற்றலாம் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா நீங்க, கிருஷ்ணரு அஷ்டமிலதான் பொறந்தாரு, ராமரு நவமிலதான் பொறந்தாரு. அவங்களுக்கு இன்னா கம்மியாப் பூடுச்சு?" என்றான். "ஒருத்தரு ஜெயில்ல பொறந்தாரு, ஒருத்தரு காட்டுக்குப் போனாரு. வாய மூடிக்கினு வூட்டுக்குப் போடா" என்றேன். என் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவன் சாயங்காலம் மறுபடி வந்தான். மறுநாள் காலையிலும் வந்தான். "தம்பி கேட்டா நா இன்னாம்மா சொல்றது?" என்று வாசலில் நின்று கேட்டான். நான் உள்ளே போய்விட்டேன். மற்ற மூன்று பேருடைய சரக்கும் அஷ்டமியன்றே சென்னையில் இறங்கிவிட்டது. நவமியன்று பெட்டியைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். நமக்கு ஒதுக்கிய கால்வாசி இடம் காலியாகவே கப்பல் ஏறியது. நீ எந்தக் காலி இடத்தை நிரப்ப இரண்டு வருஷம் அலைந்தாயோ, அதே காலி இடம்.

தசமியன்று நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, லாரியை அனுப்பினேன். பெட்டியை நேற்றே பூட்டிவிட்டார்கள் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தபோதுதான் கப்பல் நிற்காது என்று எனக்குப் புரிந்தது. அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கலாம். சரக்கு தாமதமாகப் போகும், வெளிநாட்டில் நம் சாமையை வாங்குகிற அம்மாவிடம் நீ மன்னிப்புக் கேட்பாய், மற்ற மூன்று பேர் எதிரில் நான் தலைகுனிய வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தேன். அவர் பேர் உனக்கு வேண்டாம், பழி அவர் மேல் இல்லை. "ஃபிளைட்டுல போட்டுடலாம்மா. அங்க நம்ம ஆளு கோடவுன்ல எறக்கி வச்சிப்பாரு. கப்பல் வந்ததும் எல்லாத்தையும் ஒன்னா சேத்து டெலிவரி குடுத்துடுவாரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். சரி என்றேன். நாற்பது மூட்டைச் சாமையும் பறந்து போனது. போய், அந்தக் குளிர்தேசத்தில் ஒரு கோடவுன் மூலையில், கப்பல் வரும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாகச் சும்மா கிடந்தது. அவசரமாகப் போக வேண்டிய தேவையே இல்லாத அரிசி, தம்பி. கூடப் போக வேண்டிய கப்பல் மெதுவாகக் கடலில் வந்துகொண்டிருக்க, அது பறந்துபோய் அதற்காகக் காத்துக்கிடந்தது. எரிந்த எண்ணெய் எல்லாம் என் மானத்தைக் காப்பாற்ற எரிந்தது.

அதே நவமி ராத்திரிதான் உனக்குப் பெண் பிறந்தாள். மறுநாள் நீ ஃபோனில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினாய். கடைசியில், "சாமை கப்பலுக்குப் போயிடுச்சாம்மா?" என்று கேட்டாய். "போயிடுச்சுடா, நீ கொழந்தயப் பாரு" என்றேன். மற்ற மூன்று பேரிடமும், புள்ள பிறந்த வீட்டில் இதைச் சொல்லி அவன் மனசைக் கெடுக்காதீர்கள், சாமையை நானே வேறு கப்பலில் போட்டுவிட்டேன் என்று சொல்லி வாயை அடைத்தேன். மூட்டைகள் பறந்து போனதற்கு ஏஜென்ட் அனுப்பிய விமானச் சீட்டு மட்டும் நேற்றுவரை என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பேத்தியின் பேரைச் சொல்லி நான் பொய்யை மறைத்துக்கொண்டேன். வருஷக் கடைசியில் நீ எழுதிய அறிக்கையில் சரக்கு எதில் போனது என்ற இடத்தில் "கப்பல்" என்று எழுதி, என் கையெழுத்தைக் கேட்டாய். போட்டேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

நீ ஆறாவது படிக்கும்போது நடந்ததை மறந்திருக்க மாட்டாய். கடையில் உன்னை உட்கார வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். கொட்டை எடுக்காத புளியை, கொட்டை எடுத்தது என்று சொல்லி ஒரு அம்மாவுக்கு விற்றுவிட்டாய். அன்று சாயங்காலமே உன்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, அந்த அம்மா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் நிற்க வைத்து, "நா பொய்யி சொன்னேங்க" என்று உன் வாயாலேயே சொல்ல வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய். நான் உனக்கு ஒரு முறுக்குகூட வாங்கித் தரவில்லை. நல்லா அழட்டும், அப்பத்தான் உறைக்கும் என்று நினைத்தேன். பதினொரு வயசுப் பிள்ளைக்கு வைத்த சட்டத்தை எனக்கு வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் அஷ்டமி நவமியில் லோடு ஏற்றுவதில்லை என்கிற வழக்கம் உங்க அப்பா காலத்தில் வந்தது. நவமியன்று புளி ஏற்றிய லாரி மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது, அதனால்தான் என்று உனக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லியிருக்கிறோம். கவிழ்ந்தது உண்மை. ஆனால் பிரேக் தேய்ந்துபோயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று டிரைவர் அதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தார். இந்த ஒரு நடை போய்வரட்டும் என்று உங்க அப்பா தள்ளிப்போட்டார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ஆமாம் என்று தலையாட்டினேன். யாருக்கும் பெரிய அடி இல்லை, அது யார் செய்த புண்ணியமோ. அதற்குப் பிறகு பழியை நவமி மேல் போட்டுவிட்டோம். நாளைக் குறை சொன்னால் நாள் எதிர்த்துப் பேசாது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன், அது அவர் வைத்த வழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் சாமை வாங்குகிற வெளிநாட்டு அம்மா உனக்கு வேலை கொடுத்தாள். இத்தனை சுத்தமாக ஒரு வருஷக் கணக்கைக் காட்டிய சின்ன வியாபாரிகள் வேறு யாரும் இல்லை, எங்கள் ஊருக்கு வந்து மற்ற நாட்டுச் சின்ன வியாபாரிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடு என்றாள். நீ அந்தக் கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டினாய். உன் வேலை என் பொய்யின் மேல் நிற்கிறது. இதை நான் சொன்னால் உன் வேலை போகலாம். சொல்லாவிட்டால் நீ வாழ்நாள் முழுக்க அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசுவாய், என்றாவது ஒரு நாள் எவனாவது ஒருவன் விமானச் சீட்டைத் தூக்கிக் காட்டுவான். இரண்டில் எது உனக்கு நல்லது என்று யோசித்து யோசித்து ஒரு மாதம் போனது. பிறகுதான் தோன்றியது, அப்போதும் நான் எனக்கு எது சௌகரியம் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

முந்தாநாள் காலையில் பஸ் ஏறிக் கரியாலூருக்குப் போனேன். சின்னப்பொண்ணு முகத்தைத்தானே பாக்கெட்டில் போட்டிருக்கிறார்கள், முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். நீ கொண்டுபோய்க் கொடுத்த இன்னொரு பாக்கெட்டை அவள் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள், தம்பி. மாலை ஒன்றுதான் போடவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும், "கருது அறுக்கிற நேரத்துல மழ புடிச்சிக்கிச்சு. களத்துல தார்ப்பாய் போட்டு மூடிக்கினு, ராவும் பகலும் காயவச்சி, சொன்ன நாளுக்குக் கொண்டாந்து குடுத்தோம். நீ ரெண்டு நாளு பூட்டி வச்சிக்கினு குந்திக்கினியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "காலம் கெட்டுப்போயி மழ இப்டி வருது, பொகைய கம்மி பண்ணணும், அதுக்குத்தான் கப்பலுன்னு உன் புள்ளதான எங்களுக்குச் சொல்லிச்சு?" ஆமாம் என்றேன். அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்து அந்தப் பாக்கெட்டைப் பிய்த்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "எக்கா, பொய்யி ஒன்னுது, மூஞ்சி என்னுதா?" என்றாள். கத்தவில்லை, தம்பி. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசல்வரை வந்து, "இந்த வருசச் சாமைய எடுத்துக்கினு போ, பேசினது பேசினதுதான். என் படத்த மட்டும் எடுத்துடச் சொல்லு" என்றாள். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, வாங்குகிற அம்மாவுக்கு எழுதச் சொன்னேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அங்கே இருக்கிற பெண் இங்கிலீஷில் அடித்து, ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழில் திருப்பிப் படித்துக் காட்டினாள். முன்பின் தெரியாத ஒரு பெண் வாயால் என் பொய்யை நான் கேட்டேன். பின்னால் இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுக்க நின்றுகொண்டு கேட்டார்கள். கேட்கட்டும் என்று இருந்தேன். மகனுக்கு எதுவும் தெரியாது, அறிக்கையில் உள்ள கையெழுத்து என்னுடையது, சின்னப்பொண்ணு படத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதி, விமானச் சீட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் அனுப்பினேன் என்று கோபப்படாதே. கேட்டிருந்தால் நீ என்னைக் காப்பாற்றப் பார்த்திருப்பாய். இந்தக் கடிதத்தின் நகலை மற்ற மூன்று வியாபாரிகளுக்கும் கொடுக்கிறேன். கோடவுனில் மூட்டை தைக்கிற பெண்களுக்கும் நானே படித்துக் காட்டப்போகிறேன். உமிக்குச் சிரித்தார்களே, இதற்கும் சிரிக்கட்டும்.

அந்த அம்மா உன்னை வரச் சொன்னால் போ. வேண்டாம் என்றால், எங்கே வேலை பார்த்தாலும் இந்த வேலையை விடாதே. நீ சொல்வது சரி, பெட்டியை நிரப்பு, உமியை ஊரிலேயே விடு, மெதுவான கப்பலில் போடு. ஆனால் எந்த ஊர் வியாபாரியிடம் பேசினாலும் முதலில் அவர்கள் காலண்டரைக் கேட்டு வாங்கிப் பார். அவர்களுக்கும் ஒரு அஷ்டமி இருக்கும், ஒரு திருவிழா இருக்கும், வெளியில் சொல்ல வெட்கப்படுகிற ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே கேள், சிரிக்காமல் கேள். தாமதமானால் தாமதம் என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் போடலாம், ஒன்றும் குடி முழுகிப் போகாது என்று அவர்களுக்கு முதல் நாளே சொல்லிவை. எனக்கு அதை யாராவது சொல்லியிருந்தால் என்று எழுத வந்தேன். நீயே சொல்லியிருந்தாய், எனக்குத்தான் காது கேட்கவில்லை.

நாளைக்கு நவமி. இந்த வருஷப் பெட்டிக்கு நாளைதான் லோடு ஏற்ற வேண்டும், தேதி குறித்தது நீதான். முருகேசன் இன்று உன்னிடம் இதைக் கொடுத்துவிட்டு ராத்திரியே லாரியோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். கோடவுன் சாவியை இன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிட்டேன். நான் வைத்திருந்தால் காலையில் என் புத்தி எப்படித் திரும்புமோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். லாரியின் பிரேக்கைப் பார்த்தாயா என்று மட்டும் அவனிடம் கேட்டேன். போன வாரமே மாத்திட்டேம்மா என்றான்.

சரக்கு கப்பலில் ஏறிவிட்டதா என்று நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்காதே, தம்பி. ஏறிவிட்டது என்று நான் சொல்வேன், நீ நம்புவாய். அந்த நம்பிக்கையைத்தான் நான் ஒரு தடவை தின்றுவிட்டேன். துறைமுகத்துச் சீட்டை முருகேசன் உனக்கு அனுப்புவான். அதைப் பார். பார்த்த பிறகு, உனக்கு மனசு வந்தால், என்னைக் கூப்பிடு.

அம்மா